பிள்ளைக் காம்பராவில் ஏழாம் பாடம்

வலது கால் பெருவிரலில் தொட்டில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்ட பிறகுதான் பிரேமினி கிட்டாரை மடியில் தூக்குவார். முதலில் கால் ஒரு தரம் நீளும். உத்தரத்தில் சேலையால் கட்டிய தொட்டில் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வரும். அது திரும்பி வரும் நேரம் வலது கைக் கட்டைவிரல் தடித்த கம்பியில் விழும். தும். அதன் பின்னால் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட வேண்டும். மூன்றில் ஒன்று கட்டாயம் தப்பும். "ச்சீ, ஒனக்கு என்ன கேடு? காலையில தேத்தண்ணி குடிச்சதானே?" என்று அந்த விரலைத் திட்டிவிட்டு மறுபடி காலை நீட்டுவார்.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் முன் பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். பதினான்கு பிள்ளைகள். பிரேமினி பொறுப்பாளர். அவருக்கு உதவியாக அழகம்மா அக்கா கஞ்சி காய்ச்சுகிறார், துணி அலசுகிறார், எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்கிறார். காகிதத்தில் பிரேமினியின் பதவிப் பெயர் முழநீளம் இருக்கும். "அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு புள்ள மூத்திரம் போயிரும்ங்க" என்று அதை அவர் சொல்வதே இல்லை.

நான் பக்கத்துக் காம்பராவில் மருந்து கொடுப்பவன். டாக்டர் இல்லை. ஆனாலும் தோட்டம் முழுக்க என்னை டாக்டரையா என்றுதான் கூப்பிடுகிறது. நானும் மறுத்துப் பார்த்துக் களைத்துவிட்டேன். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். ஆகவே இந்த மனுஷியைப் பற்றி நான் எழுதுவதில் பாதி, கண்ணால் பார்த்ததல்ல, காதில் பட்டது. பட்டது என்றால் பட்டபாடு. முதல் இரண்டு மாதம் தோட்டத்தாருக்குக் கொடுத்த தலைவலி மாத்திரையைவிட நான் போட்டுக்கொண்டது அதிகம்.

கிட்டார் பிரேமினியின் தம்பி விஜிதரனுடையது. யாரோ ஒரு பெண்ணுக்காக வாங்கினான். அந்தப் பெண் வேறொருவனைக் கட்டிக்கொண்டது. "கிட்டார அலுமாரி மேல போட்டுட்டு கட்டாருக்குப் போயிட்டான்" என்பார் பிரேமினி. நாற்பத்தொரு வயதில் அதை இறக்கித் தூசி தட்டியதற்கு அவர் சொல்லும் காரணம் சாதாரணமானது. தாலாட்டுப் பாட அவருக்குக் குரல் கிடையாது. கிடையாது என்றால் உண்மையாகவே கிடையாது. அவர் பாடினால் தூங்கின பிள்ளையும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். "தொண்ட இல்லாதவளுக்குத் தூங்க வைக்கிற வேல குடுத்திருக்காரு கடவுளு. அதான் விரலால பாடிப் பாக்குறேன்."

ஆரம்பத்தில் எல்லாரையும் போல விரலை மடக்கி ஆறு கம்பியையும் ஒரேயடியாக வழித்தார். பதினான்கு பிள்ளையும் ஒரே நேரத்தில் அழுதன. அழகம்மா அக்கா கஞ்சிக் கரண்டியோடு ஓடி வந்து, "ஏம்மா, புள்ளைங்க என்ன, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கா வந்திருக்கு?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் கம்பியைத் தனித்தனியாக விரலால் தட்டும் முறை ஒன்று இருக்கிறது என்று போனில் தேடிக் கண்டுபிடித்தார். ஒரு வெள்ளைக்காரப் பையன் பாடம் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறான். தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் நின்றால்தான் வீடியோ இறக்கும் அளவுக்குச் சிக்னல் வரும். அங்கே போய் நின்று இறக்கிக்கொண்டு வந்து, பிள்ளைகள் தூங்கும்போது பார்ப்பார். தூங்கும்போது என்பதால் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டுப் பார்ப்பார். "அவன் பேசுற இங்கிலீசு எப்புடியும் எனக்கு வெளங்கப் போறதில்ல. விரலு எங்க போவுதுன்னு பாத்தா போதாதா?" என்றார். போதாது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

இடது கையால் கம்பிகளைச் சேர்த்து அமுக்கும் ஒவ்வொரு பிடிக்கும் ஆங்கில எழுத்தில் பேர் இருக்கிறதாம். இவர் தன் பேர்களை வைத்துக்கொண்டார். மூன்று விரலும் படி படியாக இறங்கும் பிடி 'ஏணி'. இரண்டே விரலில் முடிந்துவிடும் பிடி 'லீவு நாளு'. ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பியையும் நசுக்க வேண்டிய பிடி ஒன்று உண்டு. அதன் பேர் 'கொலகாரன்'. அதை அவர் இன்றைக்கும் மரியாதையோடு தவிர்த்துவிடுகிறார். வலது கைக்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். "கட்டவெரலு கங்காணி. அவன் நிக்காம நடந்துகிட்டே இருக்கணும். மத்த மூணும் ஆளுங்க. கங்காணியப் பாத்துப் பயந்து நின்னுறவும் கூடாது, அவன முந்தி ஓடவும் கூடாது. என்னோட ஆளுங்க என்னடான்னா, கங்காணி நடந்தா அவங்களும் கூடவே நடக்குறாங்க." நான்கு விரலும் ஒன்றாக விழுந்து கம்பி கத்தும்போதெல்லாம், "பாருங்க, ஸ்ட்ரைக்கு" என்பார்.

நகப் பிரச்சினை ஒன்று வந்தது. அந்தப் பையன் வலது கையில் நீளமாக நகம் வைத்திருந்தான். நகத்தால் தட்டினால் சத்தம் கணீரென்று இருக்குமாம். பிரேமினியும் வளர்த்துப் பார்த்தார். மாதத்துக்கொரு தரம் பிள்ளைகளைப் பார்க்க வரும் மிட்வைப் மிஸ் கையைத் திருப்பிப் பார்த்து, "புள்ள தூக்குற கையில என்ன இது?" என்று அங்கேயே வெட்ட வைத்துவிட்டார். நகம் போனதும் சதையால் தட்ட வேண்டி வந்தது. சத்தம் அமுங்கி, துணிக்குள்ளிருந்து வருவது போல மெத்தென்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. மிட்வைப் மிஸ்ஸுக்கு நானும் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

இடது கை விரல் நுனிகளில் முதலில் கொப்புளம், பிறகு காய்ப்பு. என்னிடம் வந்து ஸ்பிரிட் கேட்டு வாங்கித் தடவிக்கொண்டார். காய்த்த விரலுக்குச் சூடு தெரிவதில்லை. ஒருநாள் பால் போத்தலைத் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்று நினைத்து, நல்லவேளை தன் வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். உதடு சுட்டுவிட்டது. அன்றிலிருந்து பாலுக்கு மணிக்கட்டு, காய்ச்சலுக்குக் கன்னம். ஒரு பிள்ளை சிணுங்கினால் தூக்கித் தன் கன்னத்தோடு வைத்துப் பார்த்து, "டாக்டரையா, நூறு இருக்கும்" என்று சுவருக்கு இந்தப் பக்கம் குரல் கொடுப்பார். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு தசமம்கூடக் கூடாமல் குறையாமல் சரியாக நூறில்தான் நிற்கும். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கும்.

வெள்ளைக்காரப் பையனின் ஏழாம் பாடத்தில் ஒரு சின்ன மெட்டு இருந்தது. அதற்குப் பேர் கிடையாது. பிள்ளைகளுக்கு அது 'ஏழாம்பாடம்'. பத்து மணிக்குப் பாயை விரித்தால், பேச்சு வந்த வாண்டுகள் "ஏழாம்பாடம், ஏழாம்பாடம்" என்று கேட்கும். கயிறு பெருவிரலில் ஏறும், தொட்டில் ஆடும், கட்டைவிரல் நடக்கும். ஒவ்வொன்றாகக் கண் சொருகும். மாசி மாதத்துக்குள் மெட்டில் பிழை கிட்டத்தட்ட இல்லை என்று ஆகிவிட்டது. நானே வீட்டில் சவரம் செய்யும்போது அதை முணுமுணுத்து, மனைவியிடம் பேச்சு வாங்கினேன்.

அப்போதுதான் யது வந்தாள். யதுர்ஷினி, பதினொரு மாதம். தாய் ஜெயந்தினி எங்கள் தோட்டத்தில் புதிதாகப் பேர் பதிந்தவர்; இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கணவன் கொழும்புக்கு வேலைக்கென்று போய் ஆறு மாதம், ஒரு போன்கூட இல்லை. யதுவைத் தொட்டிலில் போட்டால் குடித்த பாலெல்லாம் கக்கிவிடுவாள். பாயில்தான் கிடத்த வேண்டும். தட்டிக்கொடுத்தால் கத்துவாள். அழகம்மா அக்கா தாலாட்டினால் இன்னும் கத்துவாள். ஏழாம் பாடத்துக்கு மட்டும் அழுகையை நிறுத்திக் கேட்பாள். கண் மெல்ல மூடும். மூடி ஒரு நிமிடம் ஆகாது, திடுக்கென்று விழித்து, முன்னைவிட இரண்டு பங்கு குரலில் ஆரம்பித்துவிடுவாள். ஏன் என்று தெரியவில்லை.

அரை மணிக்கு மேல் ஒரு பிள்ளை அழுதால் தாயை மலையிலிருந்து கூப்பிட வேண்டும் என்பது காம்பராச் சட்டம். இரண்டு தடவை கூப்பிட்டோம். மூன்றாம் தடவை யது அழுது அழுது உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்து, "கூப்பிடுங்க" என்று சொன்னவன் நான்தான். ஜெயந்தினி கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தார். பின்னாலேயே கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மலையில் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பவர் அவர். "இந்தா பாரு. நாலாவது தடவ புள்ளைக்காகக் கீழ எறங்குனியா, அப்புடியே லயத்து வீட்டுக்குப் போயிரு. மறுநா பெரட்டுக்கு வர வேணாம்" என்றார். கத்தவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார்.

ஜெயந்தினி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி பிரேமினியைப் பார்த்தார். "இதுவும் போச்சுன்னா நான் எங்கக்கா போவேன்?"

"போக மாட்ட. ஒன்னக் கூப்பிட மாட்டேன்" என்றார் பிரேமினி. இந்த மனுஷி எதை நம்பி வாக்குக் கொடுக்கிறார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை கிட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு தலவாக்கலைக்குப் பஸ் ஏறினார். மெல்லிய கம்பி ஒன்று துருப்பிடித்திருந்தது. நானும் மருந்து எடுக்கப் போக வேண்டியிருந்ததால் கூடப் போனேன். டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் சிப்னாஸ் கிட்டார் கம்பியும் விற்பான். இருபத்தைந்து வயது இருக்கும், நன்றாகவும் வாசிப்பான். புதுக் கம்பியை மாட்டிச் சுருதி சேர்த்துக் கையில் கொடுத்து, "வாசிச்சுப் பாருங்கக்கா" என்றான். பிரேமினி கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஏழாம் பாடத்தை வாசித்தார். சிப்னாஸின் புருவம் மேலே போனது. பிறகு கோணியது.

"அக்கா, விரலெல்லாம் நல்லா வருது. ஆனா நடுவுல நடுவுல ஏன் ஓடுறீங்க?"

"எங்க ஓடுறேன்? ஒக்காந்துகிட்டுத்தானே இருக்கேன்?"

"அஞ்சு தட்டு ஒழுங்கா வருது. ஆறாவது தட்டு முந்திக்கிட்டுப் பாயுது. திரும்ப அஞ்சு, திரும்பப் பாய்ச்சல். அதோட, இந்தக் கால் ஏன் இப்படி ஆடுது?"

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கடைத் தரையில், கயிறும் இல்லாமல் தொட்டிலும் இல்லாமல், பிரேமினியின் வலது கால் தன்பாட்டில் நீண்டு மடங்கிக்கொண்டிருந்தது.

"தொட்டிலத் தள்ள வேணாமா தம்பி? அஞ்சு ஆட்டத்துக்கு ஒருக்கா இழுத்து விடாட்டி நின்னுருமே" என்றார் பிரேமினி. சொல்லி முடித்த பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டார்.

சிப்னாஸ் சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் சிரிப்புத்தான். இத்தனை மாதம் அந்தப் பாய்ச்சலையும் சேர்த்துத்தானே நான் சவரம் செய்தேன். மெட்டே அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். கயிற்றை இழுக்கும்போது தொட்டில் ஒரு நொடி முந்தி வரும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே முந்துவதால் ஒன்றும் தெரியாது. பாயில் படுக்கும் வாண்டுகளுக்கோ அது பழகிப்போயிருந்தது. புதிதாக வந்து பாயில் அசையாமல் கிடக்கும் யதுவுக்கு மட்டும் அந்த ஆறாவது தட்டு யாரோ உலுக்கி எழுப்புவது போல இருந்திருக்கிறது. பிரேமினி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் புள்ளைய எழுப்பினது நாந்தானா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

தாளம் தட்டும் கருவி ஒன்றை சிப்னாஸ் போனில் போட்டுக்கொடுத்தான். டிக், டிக் என்று அடிக்கும். அது சரிவரவில்லை. டிக் சத்தத்துக்கு வாண்டுகள் எழுந்து பல்லியைத் தேடின. காலைக் கட்டிப்போடலாம் என்று அழகம்மா அக்கா யோசனை சொன்னார். யோசனையோடு நிற்காமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, பிரேமினியின் வலது பாதத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு அதில் உட்கார்ந்தும் பார்த்தார். கால் அசையவில்லை. கட்டைவிரலும் அசையவில்லை. "காலு நின்னா கையும் நிக்கிதுங்க ஐயா" என்று சுவர் வழியாகச் செய்தி வந்தது.

"அப்ப மத்த விரலெல்லாம் நிக்கட்டும். கட்டவெரலுக்கு மட்டும் தனியா நடக்கச் சொல்லிக் குடுங்க" என்றேன். ஏதோ எரிச்சலில் சொன்னது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஆளுங்களுக்கெல்லாம் லீவு. கங்காணி மட்டும் பெரட்டுக்கு வா."

அடுத்த ஒன்பது நாள் நான் பட்டதை எந்த வைத்தியப் புத்தகத்திலும் எழுதவில்லை. தும், தும், தும், தும். மெட்டு இல்லை, பிடி இல்லை, வெறும் கட்டைவிரல். மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. ஆறாவது தட்டு வரும்போது நான் மாத்திரை எண்ணுவதை நிறுத்திக் காத்திருப்பேன். பாய்ந்தது. மறுபடி முதலிலிருந்து. நான்காம் நாள் ஆறு தாண்டியது, பதினொன்றில் பாய்ந்தது. ஏழாம் நாள் நாற்பது வரை எண்ணினேன். ஒன்பதாம் நாள் என் சோறு ஆறிப்போகும் வரை எண்ணி, எண்ணிக்கையை விட்டுவிட்டேன். "இப்ப ஆளுங்களக் கூப்பிடட்டுமா?" என்றது சுவர். ஆள்காட்டி விரல் ஒருநாள், நடுவிரல் ஒருநாள் என்று ஒவ்வொன்றாக வேலைக்குச் சேர்த்தார். இத்தனை நாளும் யது எப்படி அடங்கினாள் என்று கேட்காதீர்கள். நானும் அழகம்மா அக்காவும் முறை வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். இருபத்தெட்டாவது நிமிடம் வரை அழுது, இருபத்தொன்பதாவது நிமிடம் களைத்து ஓய்வாள். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலி.

புதன்கிழமை பத்து மணி. அழகம்மா அக்கா கிளினிக்குக்குப் போய்விட்டார். எனக்கு ஒருவருடைய கைப் புண்ணுக்குக் கட்டுப்போட வேண்டியிருந்தது. யது தொடங்கிவிட்டாள். தோளில் போட ஆளில்லை. கட்டை முடித்துக்கொண்டு நான் வெளியே வரும்போது இருபது நிமிடம் கடந்திருந்தது. ரோட்டில் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. கண்டாக்கு ஐயா பூட்ஸோடு பிள்ளைக் காம்பரா வாசற்படியில் ஏறினார். அழுகை அவருக்கு மலைவரை கேட்டிருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தார். பையிலிருந்து போனை எடுத்தார். "கங்காணி, அந்த ஜெயந்தினி எந்தப் பக்கம் நிக்கிது?" என்று கேட்டார்.

நான் அவருக்குப் பின்னால் நின்றேன். ஏதாவது சொல்லித் தடுத்திருக்கலாம். பதினெட்டு வருஷம் தோட்டத்துச் சம்பளம் வாங்கியவன், வாய் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

பிரேமினி திரும்பிப் பார்க்கவில்லை. யதுவுக்குப் பக்கத்தில் பாயிலேயே சப்பணம் கொட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தொடைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் கம்பியில் போட்டார். நாலு தட்டு வெறுமனே. பிறகு ஏணிப் பிடி, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். யதுவின் அழுகை விக்கலாக இறங்கியது. ஐந்தாவது தட்டில் நான் மூச்சைப் பிடித்தேன். ஆறாவது, ஐந்தாவதுக்குப் பின்னால் வர வேண்டிய இடத்தில் வந்தது. ஏழு, எட்டு. லீவு நாளுப் பிடி. மறுபடி ஏணி. மோதிர விரல் ஓரிடத்தில் தப்பியது. கட்டைவிரல் அதைப் பொருட்படுத்தாமல் நடந்தது.

யது வாயில் விரலைப் போட்டுக்கொண்டாள். இமை பாதி இறங்கி, திறந்து, முழுதாக இறங்கியது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

"இரு, இரு. ஒண்ணுமில்ல. அந்தப் பொம்பள நிக்கட்டும், நீ வேலையப் பாரு" என்று கண்டாக்கு ஐயா போனில் சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டார். போய்விடுவார் என்று பார்த்தேன். போகவில்லை. இன்னும் ஓரடி உள்ளே வைத்தார். பலகை முனகியது. பெரட்டுக் களத்தில் பேசும் அதே தொண்டையில், "அட, பரவாயில்லயே, இது எங்க..." என்று ஆரம்பித்தார்.

யதுவின் நெற்றி சுருங்கியது.

எங்கள் தோட்டத்தில் கண்டாக்கு ஐயா வந்தால் பெண்கள் தலைத்துணியை இறக்கிவிட்டு எழுந்து நிற்பார்கள். பிரேமினியும் இருபது வருஷமாக அப்படி நின்றவர்தான். இப்போது அவருடைய இரண்டு கையும் கம்பியில் இருந்தன. தலையை நிமிர்த்தி ஐயாவை நேராகப் பார்த்தார். கட்டைவிரலை நிறுத்தாமல், தாடையால் அவருக்கு வாசலைக் காட்டினார்.